மின்னல் வராத மத்தியானம்

அறிவியல் வண்டியில் புதிதாக ஏறப்போகும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி நாளில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது என்று சொல்லிவிட்டேன். மைக்கைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், யாராவது வாசித்துக் காட்டுவோம் என்றார்கள். அதனால் இந்த எழுத்து. வாசிக்கிறவர் யாரோ, கொஞ்சம் மெதுவாக வாசிக்கவும்.

நான் பத்தாவதோடு நின்றவள். அடிவாரத்து ஊர்க்காரி. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் விண்வெளிக் காட்சி நடத்துகிற இந்த வண்டியில் என் வேலை பெரிய வேலை இல்லை. வகுப்பறை ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்குவது, திரையைத் துடைப்பது, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பது, பயந்து அழுகிற குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போவது. மலை வளைவுகளில் வண்டி திரும்பும்போது தொலைநோக்கிப் பெட்டி உருளாமல் பிடித்துக்கொள்வதும் நான்தான். முட்டி தேய்ந்து, ஏறி இறங்க முடியாமல் போனபிறகு வேலையை விட்டேன்.

ராக்கெட் எப்படிப் போகிறது, செயற்கைக்கோள் ஏன் விழாமல் சுற்றுகிறது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதில் தலையிட மாட்டேன். நான் சொல்லப்போவது நாங்கள் வெட்கப்பட்ட இடங்களை. அந்த இடங்களுக்கு நீங்களும் போவீர்கள்.

முதலில் ஒரு சின்ன வெட்கம்.

எங்களுடன் விளக்கம் சொல்கிற சார் ஒருவர் இருந்தார். நன்றாகப் படித்தவர், நன்றாகப் பேசுவார். கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்; அப்படித் திருப்புலி நாட்டில் ஓர் ஊரில் ஒரு நாள் நிலாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நிலாவில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது, அதைக் கண்டுபிடித்ததில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங் சார், நெலாவுல தண்ணி இருக்குதுங்கறது நெசமுங்களா?”

“ஆமாங்கய்யா. ஐஸ் மாதிரி இருக்கு.”

“எங்கூர்க் கொழாயில தண்ணி வந்து ரொம்ப நாளாச்சுங்க. அங்கிருந்தே ஒரு பைப்பு போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். இறங்கும் வழியில் சார், “அந்த மனுஷன் நம்மளக் கேலி பண்ணலீங்க. உங்களால எனக்கு என்ன பிரயோசனம்னுதான் கேட்டாரு. நாம மொதல்ல சொல்ல வேண்டியது அதத்தான்” என்றார்.

அதன்பிறகுதான் எங்கள் காட்சி மாறியது. நிலாவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மேகப் படத்தை முதலில் வைத்தார். மேலே இருக்கிற செயற்கைக்கோள் எடுத்த படம். அதில் கொல்லிமலை விரல் நகத்தின் நுனி அளவுகூட இருக்காது. ஆனாலும், “எங்க மலை எங்க, எங்க மலை எங்க” என்று பெரியவர்களே முன்னால் வந்து திரையைத் தொட்டுப் பார்ப்பார்கள். புயல் வருவது மீனவர்களுக்கு முன்கூட்டியே தெரிவது எப்படி, எந்தச் சரிவில் மண் சரிந்துவிடும் என்று மேலிருந்து எப்படிக் குறிக்கிறார்கள், இடிமேகம் உயரமாக வளர்வதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சார் சொல்வார். கேட்கிறவர்கள் முகம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும்.

அதோடு நிற்காமல் ஒரு வேலையையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். மேகத்தைப் பார்க்கிற செயற்கைக்கோளும் தரையில் மின்னலைக் கண்டுபிடிக்கிற கருவிகளும் சேர்ந்து எச்சரிக்கை கொடுக்கின்றன. அது கீழே எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அவர்கள் வண்டிக்குப் போன் செய்வார்கள். மலையில் பல காடுகளில், காடு என்றால் எங்களுக்கு விளைநிலம், டவர் கிடைக்காது. காட்டில் வேலை செய்கிறவருக்குப் போனில் எச்சரிக்கை போய்ச் சேராது. அதனால் வண்டி நிற்கிற ஊரில் அதன் ஒலிபெருக்கியில் நாங்கள் சொல்லிவிட வேண்டும். நல்ல வேலைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாருக்கு ஒரு வரி இருந்தது. “மேலே இருக்கும் கண் பொய் சொல்லாது.” காட்சி முடியும்போது பிள்ளைகளையும் அதைச் சேர்ந்து சொல்லச் சொல்வார். வகுப்பறை அதிரும். கேட்க நன்றாக இருக்கும்.

இனி நான் சொல்ல வந்தது.

குண்டூர் நாட்டில் ஓர் ஊர். கோடை. பள்ளிக்கூட மைதானத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் மேலே மேட்டுக்காடு தெரியும். மரமில்லாத முகடு. அன்று அங்கே பழனியம்மாள் என்பவரின் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் மரவள்ளி என்பார்கள், எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு. பழனியம்மாளுக்கு என் வயது இருக்கும். முந்தின நாள் மகன் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காட்சிக்கு வந்திருந்தார். மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, “எம்மாங் கஷ்டப்பட்டு மேல போயி நம்மளப் பாக்குறாங்க பாரு” என்று பேத்தியிடம் சொன்னார். அதனால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

குச்சிக்கிழங்கைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மண்ணுக்குள் இருக்கிறவரை அது காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் காத்திருக்காது. அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள் ஜவ்வரிசி மில்லுக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீலக் கோடு ஓடிக் கறுத்துவிடும், மில்லில் தொடமாட்டார்கள். அதனால் லாரி வருகிற நாளில்தான் பிடுங்குவார்கள். லாரி எங்கள் அடிவார ஊரில் கிழங்கு வியாபாரம் செய்கிற பாய் ஒருவருடையது. நினைத்த நாளில் எல்லாம் அந்த ஊருக்கு அது ஏறாது. அன்று பாயும் லாரியோடு வந்திருந்தார்.

மத்தியானம் சார் இருட்டறைக்குள் காட்சி நடத்திக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுகிற அண்ணனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

“ஆபீஸ்லருந்தும்மா. இந்தப் பக்கம் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள மின்னல் விழ வாய்ப்பு இருக்குதாம். வெட்டவெளியில இருக்கறவங்கள எறங்கச் சொல்லச் சொன்னாங்க.”

நான் மேலே பார்த்தேன். பெரக்கரை நாட்டுப் பக்கம் வெள்ளையாக ஒரு மேகம் கோபுரம்போல எழுந்திருந்தது. முகட்டில் பெண்கள் குனிந்து நிமிர்வது தெரிந்தது. லாரி மேல் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

சாரைக் கூப்பிட வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் காட்சி கெட்டுவிடும், திறக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நானோ மைக்கைத் தொட்டதே இல்லை. கதவையும் பார்த்தேன், மைக்கையும் பார்த்தேன். அப்படியே நின்றேன்.

“சொல்றியா, நாஞ் சொல்லட்டா?” என்றார் அண்ணன். “நாஞ் சொன்னா, வண்டிய எடுக்க வழி விடச் சொல்றேன்னு நெனச்சுக்குவாங்க.”

மைக்கை வாங்கினேன். முதலில் குரலே வரவில்லை. தொண்டையைக் கனைத்தது மட்டும் மலை முழுக்கக் கேட்டது. காட்டில் யாரோ சிரித்ததுபோல இருந்தது. அந்தச் சிரிப்பில்தான் என் அளவு தப்பியது என்று நினைக்கிறேன். கூச்சப்படுகிறவர்களுக்குப் பேசாமல் இருக்கத் தெரியும், கத்தவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பேசத் தெரியாது.

“மேட்டுக்காட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஓடியாங்க! மின்னல் விழப்போவுது! மேல இருக்கற கண்ணு பாத்துருச்சு! அது பொய் சொல்லாது! ஓடியாங்க!”

இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ‘வாய்ப்பு’ என்று ஆபீஸில் சொன்னதை விழுங்கிவிட்டேன். அதைச் சொன்னால் யாரும் இறங்கமாட்டார்கள் என்று பயம்.

ஓடிவந்தார்கள். போட்டது போட்டபடி. பழனியம்மாள் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சரிவில் சறுக்கி விழுந்து எழுந்து வந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பாய் லாரியைப் பாதிச் சுமையோடு கீழே கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரையும் காலியாக இருந்த வகுப்பறையில் உட்கார வைத்தோம்.

தூரத்தில் ஒரு இடி கேட்டது. ஒன்றே ஒன்று. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் விதி. காத்திருந்தோம். அந்த வெள்ளைக் கோபுரம் எங்கள் கண் முன்னாலேயே சாய்ந்து, பஞ்சாகப் பிரிந்து, இல்லாமல் போனது. பளீரென்று வெயில் அடித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

பாய் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேல ஏறி, மிச்சத்த ஏத்தி, மலையெறங்கிப் போறதுக்குள்ள மில் கேட்டச் சாத்திருவாங்கம்மா. நாளைக்கு லாரி வேற ஊருக்குப் போவோணும். ஏத்துனதாச்சும் போய்ச் சேரட்டும்” என்று பழனியம்மாளிடம் சொல்லிவிட்டு லாரியை எடுக்கச் சொன்னார். லாரி இறங்கிப் போனது. மேலே முகட்டில் பிடுங்கிப் போட்ட கிழங்கு குவியல் குவியலாகக் கிடந்தது.

பழனியம்மாள் முழங்கையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

“ஏன் அம்மிணி, உன்ற மேல் கண்ணு தூங்கிப்போச்சா?”

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்று வண்டியில் சார் என்னைத் தேற்றினார். “நீங்க செஞ்சது சரி. சொல்ற ஒவ்வொரு தடவையும் விழாது. ஆனா விழற தடவைக்காக ஒவ்வொரு தடவையும் சொல்லணும்.” நியாயம்தான். இப்போது கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். அவர்களை இறக்கியது சரி. ஆனால் சரியானதைச் செய்துவிட்டும் ஒருத்தி தலை குனிந்து உட்கார முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இரவெல்லாம் அந்தக் குவியல்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் விடுமுறை. யாரிடமும் சொல்லாமல் காலை பஸ்ஸில் மலையேறினேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பழனியம்மாள் வீட்டு வாசலில் கிழங்கைக் கொண்டுவந்து கொட்டி, தோலைச் சீவி, வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். காயவைத்தால் வத்தலாகும், மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மில்லுக்குப் போகவேண்டிய கிழங்கு மாட்டுக்குப் போகிறது.

“என்ன அம்மிணி, இன்னிக்கும் மின்னலா?”

“இல்லீங்க. சீவறதுக்கு வந்தனுங்க.”

“யாரு வரச் சொன்னது?”

“யாருஞ் சொல்லலீங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அவருடைய மருமகள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துவிட்டு, “அக்கா, தோலுதான் போவோணும், கெழங்கு இருக்கோணும். நீங்க கெழங்கச் சீவிப் போட்டுட்டுத் தோல வெச்சிருக்கறீங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பு முந்தின நாள் சிரிப்பைவிட இலேசாக இருந்தது.

பாதி நறுக்கியதும் பழனியம்மாள் கேட்டார்.

“செரி, இத விரிச்சுப் போட்டா காயுமா? மழ வருமா? உன்ற ஆபீசுல கேட்டுச் சொல்லு.”

கேலிக்குத்தான் கேட்டார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. மழையில் நனைந்தால் வத்தல் பூஞ்சை பிடித்துவிடும்; மாட்டுக்கும் ஆகாது. டவர் கிடைக்கிற பாறை வரை ஏறிப் போய் ஆபீஸுக்குப் போன் செய்தேன். இரண்டு நாளைக்கு மழைக்கு வாய்ப்புக் குறைவு என்றார்கள். இறங்கி வரும்போது வார்த்தையைத் தேடிக்கொண்டே வந்தேன். எப்படிச் சொல்வது? வராது என்று சொன்னால் நேற்று விழும் என்று சொன்னது போலாகிவிடும்.

“பெரும்பாலும் வராதுங்கறாங்க. ஆனா வந்தாலும் வருமுங்க. தார்ப்பாயப் பக்கத்துலயே வெச்சுக்குங்க” என்றேன்.

பழனியம்மாள் நறுக்குவதை நிறுத்தினார்.

“இதுமாதிரி நேத்தே சொல்றதுக்கென்ன?”

“என்னதுங்க?”

“வந்தாலும் வரும், வராட்டியும் போவும்னு. நான் என்ன கொழந்தையா? மானத்த நம்பித்தான் வெதைக்கிறோம். அது பொய் சொல்லாதுன்னு எந்தக் காலத்துல நாங்க நெனச்சோம்? நீதான் விழப்போவுது, விழப்போவுதுன்னு கத்துன.”

“விழலாம்னு சொல்லியிருந்தா எறங்கியிருக்க மாட்டீங்களே?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எறங்கித்தான் இருப்பேன். சின்னப் புள்ள இருந்துச்சே. ஆனா பாயிகிட்ட ஒரு வார்த்த பேசிப்போட்டு எறங்கியிருப்பேன். லாரிய நிறுத்துவீங்களா, மில்லுக்குப் போன் பண்ணுவீங்களான்னு கேட்டிருப்பேன். நீ என்னைய யோசிக்க உட்டியா?”

பிள்ளைகளே, இந்த வேலையில் நாம் எல்லோரும் செய்கிற பிழை இதுதான். மேலே அனுப்பிய பொருளின் பெருமையைச் சொல்லிச் சொல்லி, அது சொல்வதையும் பெருமையாகவே சொல்லிவிடுகிறோம். செயற்கைக்கோள் “இருக்கலாம்” என்கிறது. நாம் “இருக்கிறது” என்கிறோம். கேட்கிறவர் யோசித்தால் கேட்கமாட்டார் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். கிழங்கு அவருடையது, உயிரும் அவருடையது. யோசிக்கும் உரிமையை மட்டும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

வத்தல் காய்ந்தது. அந்த இரண்டு நாளும் மழை வரவில்லை. ஆனால் கதை மலையில் பரவிவிட்டது. எனக்கு மின்னலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடைக்குள் நுழைந்தால், “மின்னலக்கா வந்துட்டாங்க, டம்ளர மூடுங்கடா” என்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. பக்கத்து ஊர் ஒன்றில் சார் எச்சரிக்கை சொன்னபோது காட்டில் இருந்தவர்கள் நிமிரக்கூட இல்லை. “மின்னலக்கா வண்டிதான, அது அப்படித்தான் கத்தும்” என்று சொல்லிக்கொண்டார்களாம். அன்றும் மின்னல் விழவில்லை, நல்லவேளை. ஆனால் என்றைக்காவது விழும். அன்று இறங்காமல் நிற்பவர்கள் என்னால் நிற்பார்கள். அந்த நினைப்பில்தான் உண்மையாகவே பயந்தேன்.

இரண்டு காரியங்கள் செய்தேன். இரண்டுமே என்னைப் போன்றவளுக்குக் கஷ்டமானவை.

ஒன்று, சாரிடம் அந்த வரியை விட்டுவிடச் சொன்னது. எனக்கு அவ்வளவு படித்தவரிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. கறுப்புத் துணியை மடித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், பழனியம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தொலைநோக்கிப் பெட்டியைப் பூட்டப் போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். அடுத்த ஊரில் காட்சி முடிவில் பிள்ளைகளைப் பார்த்து, “இது சொல்றது சில நேரம் தப்பாவும் போகும். அப்ப எங்களைத் திட்டுங்க. ஆனா அடுத்த தடவையும் கேளுங்க” என்றார். கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது.

இன்னொன்று, பாயைப் பார்க்கப் போனது. அடிவாரத்தில் அவருடைய கிடங்கு வாசலில் நின்றேன். உள்ளே போக வெட்கம். அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“வாங்க மின்னலக்கா! உள்ளார வாங்க, மேல கூரை இருக்கு, பயப்படாதீங்க.”

சொல்ல வந்ததைச் சொன்னேன். எச்சரிக்கை வந்தால் லாரியைக் கீழே இறக்கி நிறுத்தி வைக்க வேண்டும். மேகம் போனதும் மறுபடி ஏறி மிச்சத்தை ஏற்ற வேண்டும். மில்லில் சொல்லிக் கேட்டைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொல்ல வேண்டும்.

“லாரி சும்மா நின்னா யாரு வாடகை குடுப்பா? மின்னலா?”

நின்றேன். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு லோடு மேல நின்ன ரெண்டு பேரும் என் ஆளுங்கதாம்மா. நீங்க கத்துனப்ப நான் மொதல்ல அவங்களத்தான் பாத்தேன். அந்தம்மா கெழங்க உட்டுட்டு வந்தது எனக்கும் நல்லால்ல. மில்லுல நான் பேசறேன். ஆனா ஒண்ணு. மைக்கப் புடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிச்சிருங்க. லாரி எறங்குச்சுன்னா சனம் தானா எறங்கும்.”

எச்சரிக்கை சொல்வது சுலபம் என்று நினைத்திருந்தேன். சொல்கிறவருக்கு அது ஒரு வார்த்தை. கேட்கிறவருக்கு அது ஒரு நாள் வேலை, ஒரு பாரம் கிழங்கு. அந்த நட்டத்தில் ஒரு மூலையையாவது நாம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளாவிட்டால், மேலே எத்தனை செயற்கைக்கோள் சுற்றினாலும் காட்டில் இருக்கிறவர் இறங்கமாட்டார். அவர் இறங்காததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தக் கோடையிலேயே, மழை பிடிப்பதற்கு முன், மறுபடி அதே ஊருக்குப் போனோம். பழனியம்மாள் காட்டில் அன்று பிடுங்காமல் மண்ணிலேயே விட்டிருந்த மீதியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் லாரியோடு மேலே இருந்தார். அன்றும் போன் வந்தது. இந்த முறை சார் வெளியில்தான் இருந்தார். மைக்கை எடுத்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். அவங்களுக்குக் கடன்பட்டது உங்க குரல்.”

முதலில் பாய்க்குப் போன் செய்தேன். முகட்டில் அவர் நின்ற இடத்தில் நல்லவேளையாக டவர் இருந்தது. பிறகு மைக்கை வாயருகில் வைத்தேன்.

“நான்தானுங்க, மின்னலக்கா.”

மேலேயிருந்து ஒரு பெரிய சிரிப்பு இறங்கி வந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்தேன்.

“போன தடவ நாஞ் சொன்னது பொய்யாப் போச்சுங்க. உங்களுக்கு நட்டமாச்சு. இன்னிக்கும் மின்னல் விழலாம்னு சொல்றாங்க. விழாமயும் போவலாம். எனக்குத் தெரியாதுங்க. ஆனா எறங்கி வாங்கன்னு கேட்டுக்கறனுங்க. லாரி போவாது. மேகம் போறவரைக்கும் இங்கதான் நிக்கும். பாயி மில்லுல பேசிட்டாருங்க.”

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கிறேன். சாரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முகட்டில் யாரும் அசையவில்லை. “நாங்க வல்லீங்க! நீங்க போயிக் கூரைக்கடியில ஒக்காருங்க!” என்று ஓர் ஆண் குரல் கேட்டது. மறுபடியும் சிரிப்பு. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுவிட்டது. நான் பழனியம்மாளின் சிவப்புச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது குனிந்தது, நிமிர்ந்தது, குனிந்தது.

அப்போது லாரி உறுமியது. முகட்டுப் பாதையில் மெதுவாகத் திரும்பி இறங்கத் தொடங்கியது. சிவப்புச் சேலை நிமிர்ந்து லாரியைப் பார்த்தது. கையில் இருந்த கடப்பாரையை மண்ணில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. ஓடவில்லை, நடந்தது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக நடந்தார்கள். வரமாட்டேன் என்ற குரலுக்குரியவரும் கடைசியில் வந்தார். “லாரியே எறங்கிருச்சு, நான் யாருக்குப் புடுங்கறது?” என்று என்னைப் பார்த்து முறைத்துவிட்டு வகுப்பறைக்குள் போனார்.

காத்திருந்தோம். இந்த முறை இடி நிறையக் கேட்டது. பெரக்கரை நாட்டுப் பக்கம் மின்னல் இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தோம். எங்கள் முகட்டில் இறங்கவில்லை. நாலு தூறல் விழுந்தது. அவ்வளவுதான். எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்புவதை உணர்ந்தேன். மறுபடியும் அதே வெட்கம். அது பழகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்ததும் பாய் எழுந்தார். “வாங்கப்பா, ஏத்தலாம்.” எல்லோரும் மேலே ஏறினார்கள். நானும் போனேன். முட்டி அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. கிழங்குக் கூடையைத் தலையில் வைக்க எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்துத் தூக்கினேன். லாரி மேல் நின்றவன், “மின்னலக்கா, ஈரச் சேலையோட எரும மாதிரி வர்றீங்களே” என்றான். பெண்கள் சிரித்தார்கள். ஈரம் மழையால் இல்லை, வியர்வை.

லாரி நிறைந்தது. ஒரு கிழங்கு மிச்சமில்லை. பாய் மில்லுக்குப் போன் செய்துகொண்டே லாரியில் ஏறினார். நான் பழனியம்மாள் பக்கத்தில் நின்றேன். “இன்னிக்கும் விழலீங்க” என்றேன்.

அவர் கடப்பாரையை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்தார்.

“விழலதான். பாத்துட்டுத்தான இருந்தேன்.” பிறகு சரிவைக் காட்டிச் சொன்னார்: “அடுத்த தடவ, நாங்க மேல ஏறறதுக்கு முன்னாடியே சொல்லு அம்மிணி. ஏறி, எறங்கி, மறுக்கா ஏறறதுக்கு ஒடம்புல தெம்பு இல்ல.”

அடுத்த தடவையும் உன் பேச்சைக் கேட்டு இறங்குவேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிய, லாரி முதல் வளைவு திரும்பும் நேரம் ஆனது. தலையை மட்டும் ஆட்டினேன்.